சபையில் எழுந்து நிற்கும் பிள்ளை: இளைஞரின் பேச்சாற்றலும் தலைமைத்துவமும்

மானிடப் பிறவிக்கு இறைவன் அருளிய கொடைகளுள் வாக்கு தலையாயது. அந்த வாக்கைச் சபையிலே பயன்படுத்தும் முறையைத் திருவள்ளுவப் பெருந்தகை பொருட்பாலிலே வகுத்து வைத்திருக்கும் ஒழுங்கு நோக்கற்பாலது. 'கேள்வி' 42 ஆம் அதிகாரமாக வருகிறது. 'சொல்வன்மை' 65 ஆம் அதிகாரம். அதன்பின் 71 ஆம் அதிகாரம் 'குறிப்பறிதல்', 72 ஆம் அதிகாரம் 'அவையறிதல்', 73 ஆம் அதிகாரம் 'அவையஞ்சாமை'. முதலிலே கேட்கப் பழக வேண்டும். பின்னர் சொல்லைத் தேட வேண்டும். அதற்கும் பின்னர் எதிரிலே இருப்பவரின் முகத்தைப் படிக்கவும், கூடியிருக்கும் சபை எத்தகையது என்று அறியவும் வேண்டும். அச்சம் நீங்குதல் இவை எல்லாவற்றுக்கும் கடைசியிலேதான் வருகிறது. இக்காலத்தில் நடாத்தப்படும் தலைமைத்துவப் பயிற்சி வகுப்புகள் பலவற்றிலே முதல் நாள் பாடமே 'கூச்சத்தைப் போக்குதல்' என்பதாக இருக்கிறது. கூச்சம் போன பின் பேசுவதற்கு என்ன இருக்கிறது என்ற கேள்வியை அங்கே எவரும் கேட்பதில்லை.

கிராமத்து ஆலயமொன்றின் வருடாந்தப் பொதுக்கூட்டத்தைக் கற்பனை செய்து பார்க்கலாம். மண்டபத்திலே பாய் விரிக்கப்பட்டிருக்கிறது. தலைவர், செயலாளர், பொருளாளர் ஆகிய மூவரும் மேசைக்குப் பின்னால் அமர்ந்திருக்கின்றனர். தேவாரத்துடன் கூட்டம் ஆரம்பமாகிச் சென்ற கூட்ட அறிக்கையும் கணக்கறிக்கையும் வாசிக்கப்படுகின்றன. பின்னாலே தூணோடு சாய்ந்து நின்ற இளைஞன் ஒருவன், திருவிழாவிலே ஒலி, ஒளி அமைப்புக்குப் போன செலவைப் பற்றிக் கேட்பதற்காக முன்னே வருகிறான். மனதிலே எண்ணியது ஒன்று, வாயிலே வந்தது வேறொன்று. "இல்லை... உந்தக் கணக்கு... உது பிழையெல்லே" என்கிறான். குரல் உயர்ந்துவிட்டது. கேள்வியாக எழுந்தது குற்றச்சாட்டாக விழுந்துவிட்டது. பொருளாளரின் முகம் சிவக்கிறது. "தம்பி, நீர் இரும். பெரியாக்கள் கதைக்கினமெல்லே" என்று முன்வரிசையிலிருந்து ஒரு குரல். சிலர் சிரிக்கின்றனர். அவன் இருக்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு போய்விடுகிறான். அடுத்த வருடப் பொதுக்கூட்டத்துக்கு அவன் வரவில்லை, அவனுடைய நண்பர்களும் வரவில்லை. பத்து வருடங்களின் பின்னர் அதே சபை, இளைஞர்கள் ஆலயப் பணிக்கு முன்வருகிறார்களில்லையே என்று கவலைப்பட்டுத் தீர்மானம் நிறைவேற்றுகிறது.

அவன் கேட்க வந்த விடயத்தில் பிழையில்லை. "தலைவர் அவர்களே, ஒலியும் ஒளியும் ஒரே தொகையாகக் காட்டப்பட்டிருக்கின்றன. இரண்டையும் பிரித்துக் காட்டினால் வருகிற வருடம் எதிலே செலவைக் குறைக்கலாம் என்று பார்க்க உதவியாயிருக்கும்" என்று அவன் சொல்லியிருப்பின் எவரும் சினந்திருக்க மாட்டார்கள். பொருளாளரே பற்றுச்சீட்டுகளைப் புரட்டியிருப்பார். அப்படிக் கேட்க அவனுக்கு எவரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அவன் தடுமாறியபோது, 'நீர் கேட்பது இதுதானே' என்று எடுத்துக் கொடுக்கும் பொறுமை பெரியவர்களிடமும் இருக்கவில்லை.

இதற்கு ஒரு பழைய காரணமும் உண்டு. 2009 ஆம் ஆண்டு வரை நீடித்த யுத்த காலத்தில், இடம்பெயர்ந்து, சோதனைச் சாவடிகளில் வரிசையில் நின்று வளர்ந்த பிள்ளைகளுக்குத் தாய்மார் சொல்லி அனுப்பிய புத்திமதி 'வாயை மூடிக்கொண்டு போய் வா' என்பதாகவே இருந்தது. அன்று அது உயிரைக் காத்த புத்திமதி. அந்தப் பிள்ளைகள் இன்று தாய் தந்தையராகியிருக்கின்றனர். யுத்தத்தைக் காணாத அவர்களின் பிள்ளைகளுக்கும் அந்த மௌனம் வீட்டுச் சொத்தாக வந்து சேர்ந்திருக்கிறது. கைத்தொலைபேசியில் மணிக்கணக்காக எழுதித் தள்ளும் பிள்ளை, நாலு பேர் முன்னே ஒரு விடயத்தைச் சொல்லச் சொன்னால் தாயின் முகத்தைப் பார்க்கிறது.

இந்நிலையில் இளைஞர் அறிய வேண்டிய வரலாறொன்று யாழ்ப்பாணத்திலேயே இருக்கிறது. 1847 ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் 31 ஆம் திகதி, வெள்ளிக்கிழமை. வண்ணார்பண்ணை வைத்தீஸ்வரன் கோவிலில் ஓர் இளைஞர் எழுந்து நின்று சைவப் பிரசங்கம் செய்தார். நல்லூரிலே 1822 டிசெம்பர் 18 இல் பிறந்த அவருக்கு அன்று 25 வயது நிறைந்து இரண்டு வாரமும் ஆகவில்லை. நாவலர் பெருமான் என்று சொன்னவுடன் நரைத்த திருவுருவத்தை நினைப்பவர்கள் இந்த வயதைக் கருத்திற் கொள்ள வேண்டும். 'நாவலர்' என்னும் பட்டமே அதன் பின்னர்தான், 1849 இல் திருவாவடுதுறை ஆதீனத்தில் அவருக்கு அளிக்கப்பட்டது. அன்று பேசியவர் வெறும் ஆறுமுகம். ஒரு பாடசாலை ஆசிரியர்.

அந்த ஆறுமுகம் திடீரெனப் பேச்சாளராகிவிடவில்லை. சேனாதிராய முதலியார், சரவணமுத்துப் புலவர் போன்றோரிடம் இலக்கண இலக்கியங்களைக் கற்றார். மெதடிஸ்த மிஷனரிமாரின் பாடசாலையில் ஆங்கிலம் கற்று, அங்கேயே ஆசிரியராகி, பீற்றர் பேர்சிவல் பாதிரியாரின் தமிழ் வேதாகம மொழிபெயர்ப்புப் பணியில் உடனிருந்து உதவினார். ஒவ்வொரு சொல்லையும் எடுத்து, இது சாதாரண சனங்களுக்கு விளங்குமா என்று நிறுத்துப் பார்க்கும் வேலை அது. பாதிரிமார் எவ்வாறு பிரசங்கிக்கிறார்கள் என்பதையும் அவர் கிட்ட நின்று கவனித்தார். குறித்த நாள், குறித்த நேரம், ஒரு பொருள், கேட்பவர் பேசும் மொழி ஆகிய இந்த நான்கும் அந்த முறையின் பலம் என்பது அவருக்குத் தெரிந்தது. மாற்றாரிடம் உள்ள நல்ல முறையைக் கற்றுக்கொள்வதில் அவர் வெட்கப்படவில்லை. கற்றதைத் தன் சமயத்துக்கும் தன் சனங்களுக்கும் பயன்படுமாறு திருப்பினார். அவரும் அவருடைய நண்பர் கார்த்திகேய ஐயரும் வெள்ளிக்கிழமைகளிலே தொடர்ந்து பிரசங்கித்தார்கள். கொல்லாமை, மதுவின் தீமை, சிவலிங்க வழிபாடு, பசுக்களைப் பேணுதல் போன்றவை அவர்கள் எடுத்துக்கொண்ட பொருள்களுட் சில. அடுத்த வருடம், 1848 இல், வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலை எழுந்தது. பேச்சு பாடசாலையாயிற்று. தமிழ் மேடைப் பேச்சின் வரலாற்றை ஆராய்ந்த பேர்னார்ட் பேற் என்னும் அமெரிக்க மானிடவியலாளர், அந்த வெள்ளிக்கிழமையைத் தமிழ்ப் பேச்சுக்கலையின் முக்கியமானதொரு தொடக்கமாகக் கொண்டு எழுதியிருக்கிறார்.

ஆனால் நாவலர் வெறும் நிலத்திலே விதைக்கவில்லை. அவருக்கு முன்பே ஆலயங்களில் ஒரு பயிற்சிக்கூடம் இருந்தது. புராண படனந்தான் அது. ஒருவர் செய்யுளைச் சீர் பிரித்து, இராகத்தோடு வாசிப்பார். மற்றவர் அதன் பயன் சொல்லுவார். கேட்டிருக்கும் முதியோரிடையே அந்தச் செய்யுளை மனப்பாடமாக வைத்திருப்பவர் ஒருவராவது இருப்பார். வாசிப்பவர் ழகரத்தை ளகரமாக்கினால், அல்லது பயன் சொல்பவர் எழுவாயை விட்டுவிட்டு ஓடினால், அங்கேயே ஒரு கனைப்பு எழும். மறுப்பு எழும். சில வேளை சண்டையே எழும். பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை அவர்கள் 'கந்தபுராண கலாசாரம்' என்று பெயரிட்ட வாழ்க்கை முறையிலே இதுவும் ஓர் அங்கம்.

பேச்சுப் பயிற்சி என்ற கண்ணோடு பார்த்தால் புராண படனத்தின் அருமை விளங்கும். வாசிப்பவர் தன் குரல் மண்டபத்தின் கடைசித் தூண் வரை போகிறதா என்று கற்றுக்கொள்கிறார். எங்கே நிறுத்த வேண்டும், எங்கே மூச்செடுக்க வேண்டும் என்பதைச் செய்யுளே கற்றுக் கொடுத்துவிடுகிறது. பயன் சொல்பவரின் வேலை இன்னும் கடினமானது. எழுதி வைத்து வாசிக்க முடியாது. செய்யுள் முடிந்த கணத்திலே சொற்களைக் கொண்டுகூட்டி, எழுத்தறிவில்லாத மூதாட்டிக்கும் விளங்குமாறு சொல்லி, அடுத்த செய்யுளுக்கு வழிவிட வேண்டும். நீட்டினால் வாசிப்பவர் பொறுமை இழப்பார். சுருக்கினால் சபை பொறுமை இழக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, சபையிலே பிழை விட்டு, திருத்தப்பட்டு, திருத்தியவரோடு கூடவே இருந்து பிரசாதம் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகும் பழக்கம் அங்கே உண்டாகிறது. எந்தப் பயிற்சி வகுப்பிலும் காசு கொடுத்து வாங்க முடியாத பழக்கம் அது.

இன்று பல இடங்களிலே புராண படனம் ஒலிபெருக்கியில் ஊருக்குக் கேட்கிறது, மண்டபத்திலே வாசிப்பவரையும் பயன் சொல்பவரையும் தவிர ஆளில்லை. வாசிப்பவருக்கு எழுபது வயது, பயன் சொல்பவருக்கு எழுபத்தைந்து. அவர்களுக்குப் பின் யார் என்று கேட்டால் விடையில்லை. ஒரு நாட் படிப்பிலே ஒரே ஒரு செய்யுளுக்கு மட்டும் பயன் சொல்லும் பொறுப்பை, அதற்கு முதல் வாரமே ஓர் இளைஞனிடமோ யுவதியிடமோ ஒப்படைத்தால் என்ன குறைந்துவிடும்? மார்கழித் திருவெம்பாவைக் காலத்துத் திருவாதவூரடிகள் புராணமும், பெருங்கதை விரத நாட்களின் பிள்ளையார் கதையும் இதற்கு மிக வாய்ப்பானவை. பிள்ளையார் கதையைப் பெண்களும் வாசிப்பது வழக்கம். அதே பெண்கள் பொதுக்கூட்டத்திலே வாசற்படிக்கு அருகே மௌனமாக அமர்ந்திருப்பதும் வழக்கம். விழாக்களிலே வரவேற்பு நடனத்துக்கும் ஆரத்தித் தட்டுக்கும் பெண்பிள்ளைகள் தேடப்படுகிறார்கள். தலைமையுரைக்கோ, ஏன், நன்றியுரைக்கோ கூடத் தேடப்படுவதில்லை. ஊரிலே பாதிப்பேரின் குரலைக் கேளாமல் எடுக்கப்படும் தீர்மானம் பாதித் தீர்மானமே.

பாடசாலைகளிலே பேச்சுப் போட்டிகள் நடைபெறுகின்றனவே என்று சிலர் கேட்கலாம். நடைபெறத்தான் செய்கின்றன. ஆசிரியரோ தந்தையாரோ எழுதிக் கொடுத்ததைப் பிள்ளை பாடமாக்கி, சொல்லித் தந்த இடத்திலே கையை உயர்த்தி, சொல்லித் தந்த இடத்திலே குரலை நடுங்கவிட்டு, வெற்றிக் கிண்ணத்துடன் வீடு திரும்புகிறது. பிள்ளையின் நாவு பழகுவதில் ஐயமில்லை. ஆனால் அதே பிள்ளை இருபது வயதிலே, ஊருக்கு வரும் பஸ் ஏன் இரண்டு மாதமாக வரவில்லை என்று உரிய அதிகாரியிடம் கேட்க முடியாமல் நிற்கிறது. எழுதிக் கொடுக்க அங்கே ஆளில்லை.

அரசாங்க அலுவலகங்களின் கருமபீடத்துக்கு உள்ளே இருந்தவர்கள் இதை நன்கு அறிவர். வருபவர் தன் பாட்டனாரின் காணிக் கதையில் ஆரம்பிப்பார். அயலவர் வேலி அரக்கியதைச் சொல்லுவார். இடம்பெயர்ந்த வருடத்தைச் சொல்லுவார். கால் மணித்தியாலம் கழித்தும் அவருக்கு வேண்டியது உறுதியின் பிரதியா, வதிவிட அத்தாட்சியா என்று தெரியாது. பின்னால் நிற்பவர்கள் முணுமுணுக்க, எழுதுவினைஞர் எரிந்து விழ, அவர் மனமுடைந்து திரும்பிப் போவார். 'நான் இன்ன கிராம அலுவலர் பிரிவு. எனக்கு வேண்டியது இது. இதற்காகக் கொண்டுவந்த பத்திரங்கள் இவை' என்று மூன்று வாக்கியங்கள் சொன்னால் ஐந்து நிமிட வேலை. இதுவும் பேச்சுக்கலைதான். மேடைப் பேச்சைவிட இதுவே ஊருக்கு அதிகம் பயன்படும் பேச்சுக்கலை என்றும் சொல்லலாம். தன் கருமத்தை மூன்று வாக்கியத்திலே சொல்லத் தெரிந்த இளைஞன் விரைவிலே அயலவரின் கருமத்தையும் சொல்லிக் கொடுப்பான். ஊரிலே தலைவர்கள் இப்படித்தான் உருவாகின்றனர்.

கூச்சம் பற்றி ஒரு வார்த்தை. காந்தியடிகளைப் போலக் கூச்சமுடையவர் எவருமில்லை. இலண்டனிலே படித்த நாட்களில் மரக்கறி உணவாளர் சங்கக் கூட்டத்திலே, எழுதிக் கொண்டுபோன சில பக்கங்களையே வாசிக்க முடியாமல் வேறொருவரைக் கொண்டு வாசிப்பித்தார். பம்பாயிலே முதல் வழக்குக்குக் குறுக்கு விசாரணை செய்ய எழுந்தவர், ஒரு கேள்வியும் கேட்க முடியாமல் அமர்ந்து, வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். இவற்றை அவரே தமது சுயசரிதையில் எழுதியிருக்கிறார். அத்தகையவர் 1893 இல் பிரிட்டோரியா நகரிலே, அங்கு வாழ்ந்த இந்தியர்களைக் கூட்டி, வியாபாரத்தில் வாய்மை பற்றிப் பேசினார். அதையே தமது முதலாவது பொதுப் பேச்சு என்கிறார். முன்பு நடுங்கிய அதே மனிதர், அன்று தம்மை மறந்தார். அந்த மக்களின் அவலத்தைக் கண்ணாற் கண்டு, அதைப் பற்றி விசாரித்து, சொல்ல ஒரு விடயத்தோடு வந்திருந்தார். 'எப்படிப் பேசுவது' என்று பயப்படும் பிள்ளைக்கு, 'எதைப் பற்றிப் பேச வேண்டும் என்று உனக்குக் கவலையாயிருக்கிறது' என்று திருப்பிக் கேட்பதே நல்ல மருந்து.

அதே காந்தியடிகள் 1927 நவம்பரில் யாழ்ப்பாணம் வந்தபோது, அவரை வரவேற்பதிலே முன்னின்றது ஓர் இளைஞர் இயக்கம். 1924 இல் ஹன்டி பேரின்பநாயகம் முதலியோர் தொடங்கிய அந்த மாணவர் காங்கிரஸ், பின்னர் யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் என வழங்கியது. சாதி ஒழிப்பு, சீதன எதிர்ப்பு, தாய்மொழிக் கல்வி என்று ஊர் ஊராகக் கூட்டம் வைத்துப் பேசினார்கள். அவர்களின் பேச்சுக்கு எவ்வளவு வலு இருந்ததென்றால், 1931 ஆம் ஆண்டு அரசாங்க சபைத் தேர்தலைப் பகிஷ்கரிக்குமாறு அவர்கள் கேட்க, குடாநாட்டின் தொகுதிகள் அங்கத்தவரின்றி வெறுமையாகக் கிடந்தன. பூரண சுயாட்சி கேட்டுச் செய்த அந்தப் பகிஷ்கரிப்பு விவேகமானதா என்ற வாதம் இன்றுவரை தீரவில்லை. இளைஞர் அறிய வேண்டியது, பேச்சு ஒரு சமூகத்தை ஒரு திசையிலே திருப்பிவிடக் கூடியது என்பதையும், திரும்பிய பின் வருவதைக் கேட்டவர்களும் சுமக்க வேண்டும் என்பதையுமே. பிற்காலத்து மேடைகளிலே இரத்தம் கொதிக்கப் பேசியவர்கள் பேச்சு முடிந்ததும் காரில் ஏறி வீட்டுக்குப் போனார்கள். கேட்டுக் கொதித்தவர்களின் வீடுகளிலே இன்றும் மாலை போட்ட படங்கள் தொங்குகின்றன. ஆகவே பேச்சுப் பழக்குபவர் கைதட்டலை அளவுகோலாகப் பழக்கலாகாது. பேசி முடிந்த பின், 'நீ சொன்னபடி செய்தால் நாளைக்கு யாருக்கு என்ன நடக்கும்' என்று பிள்ளையிடம் கேட்க வேண்டும்.

பயிற்சிக்குப் பெரிய செலவு தேவையில்லை. 1924 இல், மாணவர் காங்கிரஸ் ஆரம்பித்த அதே வருடத்திலே, அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ரால்ப் சிமெட்லி என்பவர் டோஸ்ட்மாஸ்டர்ஸ் என்ற பேச்சுப் பயிற்சிக் கழகத்தை ஆரம்பித்தார். அது உலகெங்கும் பரவியது. அதன் முறை எளிது. ஒருவர் ஆயத்தம் செய்து பேசுவார். ஒருவர் நேரம் பார்த்துப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று அடையாளம் காட்டுவார். ஒருவர் அந்தப் பேச்சை எழுந்து நின்று மதிப்பிடுவார். பேசியவரைப் போலவே மதிப்பிடுபவரும் பேசப் பழகுகிறார் என்பதுதான் இதிலுள்ள சூட்சுமம். அறநெறிப் பாடசாலையிலே மாதம் ஒருமுறை, ஒரு கைக்கடிகாரமும் பூசை மணியும் கொண்டு இதனைச் செய்யலாம். மதிப்பிடும் பிள்ளைக்கு ஒரு விதி மட்டும் வேண்டும்: முதலிலே, பேசியவர் என்ன சொன்னார் என்பதைத் தன் வார்த்தையில் சொல்ல வேண்டும், அதன் பின்னரே குறை சொல்லலாம். கேட்காமலே குறை சொல்வது பெரியவர்களிடையேயும் உள்ள நோய்.

பேசப்போகும் பிள்ளை, சொல்ல வந்ததை முதலில் ஒரே வாக்கியமாக எழுதிப் பார்க்கட்டும். எழுத முடியாவிட்டால் விடயம் இன்னும் மனதிலே தெளியவில்லை. முழுப் பேச்சையும் பாடமாக்க வேண்டாம். முதல் வாக்கியத்தையும் கடைசி வாக்கியத்தையும் மட்டும் பாடமாக்கி, இடையிலுள்ளவற்றைத் தலைப்புகளாகச் சிறு காகிதத் துண்டிலே குறித்தாற் போதும். 'மேன்மைதங்கிய', 'பெருமதிப்புக்குரிய' என்ற விளிகளுக்கே மூன்று நிமிடத்தைச் செலவிடும் வழக்கத்தை இளையவர்களாவது கைவிடலாம். தலைவரையும் சபையையும் வணங்கினால் எல்லோரையும் வணங்கியதாகவே கொள்ளப்படும். ஒலிவாங்கியை வாயோடு ஒட்டாமல் ஒரு சாண் தள்ளிப் பிடித்து, கடைசி வரிசையிலே இருப்பவரைப் பார்த்துப் பேச வேண்டும். பேச்சிலே தொகை ஏதும் வந்தால் அது எந்தப் பத்திரத்திலிருந்து எடுக்கப்பட்டது என்பதைக் கையிலே வைத்திருக்க வேண்டும்.

பெரியவர்களுக்கும் நாவலர் வாழ்விலே ஒரு பாடம் இருக்கிறது. 1879 ஆம் ஆண்டு, அவர் சிவபதமடைந்த ஆண்டு. சட்ட நிரூபண சபையிலே தமிழர் பிரதிநிதியாக யாரை நியமிப்பது என்ற கேள்வி எழுந்தபோது, 56 வயதான நாவலர் தமது செல்வாக்கு முழுவதையும் கொண்டு ஆதரித்தது பொன்னம்பலம் இராமநாதன் என்னும் இளைஞரை. இராமநாதன் பிறந்தது 1851 இல். அவருக்கு அந்த வருடத்திலேதான் 28 வயது. அந்த இளைஞரே பின்னாளில், 1915 ஆம் ஆண்டுக் கலவரத்தின் பின்னர், இராணுவச் சட்டத்தின் கீழ் வதைபட்ட சிங்கள மக்களுக்காக அதே சபையிலே ஆதாரங்களை ஒவ்வொன்றாக அடுக்கிப் பேசியவர். பெரியவர் ஒருவர் விலகி இடம் விட்டதனால் எழுந்த குரல், பெரியவர் போன பின்பும் நெடுங்காலம் ஒலித்தது.

ஆலயப் பொதுக்கூட்டங்களின் நிகழ்ச்சி நிரலிலே 'வேறு விடயங்கள்' என்பது வழமையாகக் கடைசியில் வரும். அப்போது பாதிப்பேர் எழுந்து வேட்டியை உதறிக்கொண்டிருப்பர். இளைஞர் பேச விரும்பினால் அவர்களுக்குக் கிடைப்பது அந்த நேரந்தான். அதற்குப் பதிலாக, சென்ற கூட்ட அறிக்கை வாசித்து ஏற்றுக்கொள்ளப்பட்டவுடன், இருபத்தைந்து வயதுக்கு உட்பட்ட ஒருவருக்குப் பத்து நிமிடம் என்று நிரலிலே அச்சிட்டு வைக்கலாம். தொண்டர் பணியோ, கேணி துப்புரவோ, அறநெறிப் பாடசாலையோ, ஏதேனும் ஒன்றைப் பற்றி அவர் அறிக்கை சமர்ப்பித்து, கேள்விகளுக்கு விடையளிக்க வேண்டும். ஒரு வருடம் தம்பி, மறு வருடம் தங்கை. மணி அடிக்கும் வரை சபையிலே எவரும் 'இரும்' என்று சொல்லக் கூடாது. அவர் சொன்னதையும் செயலாளர் ஏனையோர் சொன்னதைப் போலவே பெயரோடு கூட்ட அறிக்கையிலே பதிந்து, அடுத்த கூட்டத்திலே வாசிக்க வேண்டும்.